ஐந்து நூல் வளையம்

9 ஜூலை 1984, திங்கள்

காலையிலிருந்தே வெயில். காற்று இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் கொட்டகைத் தகரம் கொதிக்கிறது. லேத்துக்கு எண்ணெய் விட்டேன். பெல்ட் கொஞ்சம் தளர்ச்சி.

இந்த டைரி டாக்டர் பிலோமினா ஜனவரியில் கொடுத்தது. மருந்துக் கம்பெனி டைரி. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு மாத்திரைப் படம். ஆறு மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று அவள் வந்து, "அங்கிள், என் கார்ல நீங்க எது செஞ்சாலும் தேதி போட்டு எழுதி வைங்க" என்றாள். "எதுக்கு? எல்லாம் தலையில இருக்கு" என்றேன். "என் பேஷண்டும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள்.

எனக்கு எண் தெரியும். எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், ஞானம் எழுதுகிறாள். என் மனைவி. கான்வென்டில் நாலாவது வரை படித்தவள். நான் பேச்சாகச் சொன்னால் இவள் எழுத்தாக மாற்றிவிடுகிறாள். மாற்றட்டும். கார் விவரம் டாக்டருக்கு. மற்றதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு.

தலையில் இருக்கிறது என்று சொன்னது வீண் பேச்சு இல்லை. 1938-ல் ரப்பர் எஸ்டேட்டின் ஸ்டோரில், அதாவது பாலை ஷீட்டாக்கும் ஆலையில், நான் முதன்முதல் கடைந்த ரோலர் தண்டு: இரண்டே கால் அங்குலம், ஆயிரத்தில் மூன்று குறைவு. ஜப்பான்காரன் காலத்தில் அவனுடைய லாரிக்குக் கடைந்த புஷ்: ஒன்றரை, ஆயிரத்தில் ஒன்று கூடுதல். எழுபத்தொரு வயதாகிறது. ஒரு அளவும் தவறவில்லை.

விஷயம் இதுதான். டாக்டரின் சிவப்புக் கார். ஜப்பான் கார், இரண்டு கதவு, இரட்டை கேம் இன்ஜின். நூற்றிருபது மைல் போகும் என்கிறாள். வரும் 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அலோர் ஸ்டார் போகிற வழியில் ஒரு பெரிய திடலில் கார் ஓட்டப் போட்டி. அரை மைல் நேராக ஓட்டம், பிறகு கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து. அதற்காக அகலச் சக்கரம் நாலு வாங்கிப் போட்டிருக்கிறாள். பின்னால் சரி. முன்னால் சக்கரத்தின் உள்விளிம்பு ஷாக் அப்சார்பர் குழாயில் உரசுகிறது. குழாயில் பளபளவென்று கீறல். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு வளையம் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். ஸ்பேசர் என்பார்கள்.

பக்கத்து வீட்டுக் கந்தசாமி வழக்கம்போல எண்ணெய் டிரம் மேல். முப்பது வருஷம் எஸ்டேட் லாரி ஓட்டியவன். உலகத்தில் எல்லாக் கார் பற்றியும் அவனுக்குக் கருத்து உண்டு.

"பொம்பளப் புள்ள ஓட்டறதுக்கு இம்புட்டு அகலச் சக்கரமா? ரோடு ரோலரே வாங்கிடலாம் லா."

"உங்க பிரஷர் பாக்கறது நான்தானே அங்கிள்? அடுத்த வாரம் வாங்க. பெரிய ஊசியா எடுத்து வைக்கிறேன்."

கந்தசாமி வாயை மூடிக்கொண்டான். பத்து நிமிஷத்துக்கு.

அளந்தது:
வேண்டிய கனம் ஐந்து நூல். அங்குலத்துக்கு எட்டு நூல்.
ஹப் உதடு 54 மில்லி.
சக்கரம் மாட்டும் ஸ்டட் போல்ட், பக்கத்துக்கு நாலு. இருக்கிற நீளத்தில் வளையம் போட்டால் நட்டுக்கு நாலு புரிதான் பிடிக்கும். அது சாவதற்கு வழி. நீள ஸ்டட் கட்டாயம்.

டாக்டரிடம் சொன்னேன். "முன் சக்கரம் ஒண்ணு கழண்டா என்ன ஆகும் அங்கிள்?" என்று கேட்டாள். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாள். "கழலாது. நான் செய்யறேன்ல" என்றேன்.


10 ஜூலை, செவ்வாய்

வெயில்தான். பல்வலி, இடது பக்கம். கிராம்பு.

காலை டவுனில் ஆ லெக்கின் இரும்புக் கடை. ஸ்டட் எட்டு எடுத்தேன். பழையதைக் காட்டி, "இனி மாச்சாம், தாப்பி பாஞ்சாங்" என்றேன். இதே மாதிரி, ஆனால் நீளமாக. அலுமினியம் கேட்டதற்கு வார்ப்புத் துண்டை எடுத்து நீட்டினான். சட்டி பானைக்குத்தான் வார்ப்பு, சக்கரத்துக்கு இல்லை என்று உருட்டின பாரில் இரண்டு துண்டு அறுக்கச் சொன்னேன். "அங்கிள் செரேவெட்" என்று முணுமுணுத்தான். நச்சுப் பிடித்த கிழவன் என்கிறான். ஆமாம்.

பகல் முழுக்கக் கடைசல். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கடைய வேண்டும், இல்லையென்றால் உளியில் அப்பிக்கொள்ளும். சுருள் சுருளாக வெள்ளியாய் விழுந்தது. ஞானம் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: மீன் குழம்பெல்லாம் மண்ணெண்ணெய் வாடையாம். (வாடைதான். எழுதும்போதும் என் கையில் அடிக்கிறது. இது ஞானம்.)

இரண்டு வளையமும் ஐந்து நூல். ஒன்றுக்கொன்று வித்தியாசம் முடிகூட இல்லை. உள்ளே ஹப் உதட்டில் பொருந்த வாய், வெளியே சக்கரம் உட்கார உதடு. ஹப்பில் வைத்து உள்ளங்கையால் தள்ளினால் "ம்ப்" என்று காற்றைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டால் போதும், அளவு சரி.

கந்தசாமி ஒன்றை எடுத்துக் கையில் வளையல் மாதிரி மாட்டப் பார்த்தான்.


11 ஜூலை, புதன்

காலை தூறல், பிறகு புழுக்கம்.

பழைய ஸ்டட் எட்டையும் அடித்து இறக்கினேன். புதியதை நட்டு போட்டு இழுத்து ஏற்றினேன். ஒவ்வொன்றும் கிர் கிர் என்று முனகிக்கொண்டு ஏறியது. வளையம், சக்கரம், நட்டு. குறுக்கு மறுக்காக இறுக்கம். குழாய்க்கும் சக்கரத்துக்கும் நடுவே இப்போது சுண்டுவிரல் நுழைகிறது.

டாக்டர் ஐந்து மணிக்கு வந்து ஒரு சுற்று ஓட்டினாள். திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினாள்.

"உரசல் போயிடுச்சு. ஆனா மெதுவா திருப்பினா டிக் டிக்னு சத்தம். யாரோ நகம் கடிக்கிற மாதிரி."

கூட உட்கார்ந்து போனேன். உண்மை. வேகத்தில் இல்லை. பாக்கார் ஆராங் தெரு முனைகளில் திரும்பும்போது மட்டும். இரண்டு பக்கமும்.

கந்தசாமி: "காருக்குக் கடிகாரம் வெச்சுக் குடுத்துட்டியா சூசை?"

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பல்வலி என்று சொன்னேன். பல்வலி இல்லை.


12 ஜூலை, வியாழன்

தீர்ந்தது.

காலையில் எழும்போதே பதில் கிடைத்துவிட்டது. உலோகமும் உலோகமும் தொட்டால் பேசும். நடுவில் ரப்பர் வைத்தால் வாயை மூடும். ஸ்டோரில் முப்பத்தாறு வருஷம் இதைத்தானே செய்தேன். பம்ப் அடியில் ரப்பர். ஜெனரேட்டர் அடியில் ரப்பர். லாரி பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர். எதில் தடதடப்பு என்றாலும் துரை, "சூசை, ஷீட்" என்பார். ஒரு கீற்று வெட்டிச் சொருகினால் அமைதி.

அரிசி டின்னுக்கு அடியில் ஞானம் ஒரு புகை போட்ட ரப்பர் ஷீட் விரித்திருந்தாள். நல்ல தேன் நிறம், மெல்லியது. வளையத்தை மேலே வைத்துக் கத்தியால் சுற்றிக் கீறினேன். இரண்டு வட்டம். துளை நாலு நாலு. ஹப்புக்கும் வளையத்துக்கும் நடுவே வைத்து இறுக்கினேன். விளிம்பில் லேசாகப் பிதுங்கியது. அதையும் சுத்தமாகச் சீவினேன். பார்வைக்கு ஜப்பானிலிருந்தே வந்தது மாதிரி.

டாக்டர் ஓட்டினாள். முனை முனையாகத் திருப்பினாள். ஒரு சத்தம் இல்லை.

"அங்கிள், நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்."

"உங்க அப்பாவே சொல்லியிருக்காரு" என்றேன். அவள் அப்பா எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசர். 1949-ல் என் கட்டை விரலில் ஏழு தையல் போட்டவர்.

அரிசி டின் இப்போது வெறும் சிமென்ட் தரையில். எறும்பு ஏறினால் நான்தான் பொறுப்பாம்.


13 ஜூலை, வெள்ளி

லீவு, இங்கே வெள்ளிதான் வார விடுமுறை. நல்ல வெயில். ஆட்டுக்கறி. பல்வலி குறைவு.

டாக்டர் பாடாங் செராய் போய் வந்தாள், அத்தை வீட்டுக்கு. கந்தசாமியும் தொற்றிக்கொண்டான், அங்கே அவனுடைய சம்பந்தி. திரும்பி வந்தவன் முகம் வெளுத்திருந்தது.

"எம்பது மைல் சூசை! ரெண்டு ரப்பர் லாரிய ஒரே இழுப்புல தாண்டிட்டா. நான் மாரியாத்தாளக் கூப்பிட்டேன், அது மாதா பாட்டு பாடிக்கிட்டு ஓட்டுது."

"சத்தம் வந்துச்சா?"

"என் சத்தம்தான் வந்துச்சு."


15 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோயில் வாசலிலேயே டாக்டர் காரை நிறுத்தினாள். ஸ்பானர் பையோடுதான் போயிருந்தேன். சாமியார் பார்த்துச் சிரித்தார்.

முன் நட்டு எட்டும் சோதனை. ஒவ்வொன்றும் கால் சுற்று இறுகியது. புது ஸ்டட், புது வளையம், முதல் தடவை உட்காரத்தான் செய்யும். எதிர்பார்த்ததே. இறுக்கிவிட்டேன்.

டாக்டர், "எழுதுங்க" என்றாள். எழுதியாச்சு. கால் சுற்று.

எறும்பு ஏறிவிட்டது.


17 ஜூலை, செவ்வாய்

மத்தியானம் பெரிய மழை. கொட்டகை ஓரம் ஒழுகல், வாளி வைத்தேன்.

சாயந்தரம் கிளினிக் முடிந்து டாக்டர் வந்தாள். நேற்றும் இன்றும் பயிற்சி ஓட்டம். நட்டு சோதனை: இடது பக்கம் அரை சுற்று, வலது பக்கம் கொஞ்சம் குறைவு. நல்ல வேளை பார்த்தேன். இந்தத் தடவை ஸ்பானரில் குழாய் மாட்டி, உடம்பு எடை முழுக்கப் போட்டு இறுக்கினேன். இனி அசையாது.

ஞானம் ஜெப வீட்டுக்குப் போய்விட்டாள். இதைப் புதன் காலையில் சொல்லி எழுதுகிறோம்.


18 ஜூலை, புதன், காலை

மேலே உள்ளதை எழுதிவிட்டு ஞானம் பேனாவை மூடினாள். தாளைத் திருப்பி ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம கால் சுத்து. நேத்து அரை சுத்து. கொறையலயே. கூடுதே."

"புதுசு. உக்காருது."

"உக்கார்றது ஸ்டட்டா, என் ஷீட்டா?"

"உனக்கு நட்டப் பத்தி என்ன தெரியும்?"

"நட்டப் பத்தித் தெரியாது. ரப்பரப் பத்தித் தெரியும். இருவத்திரண்டு வருசம் ரோலர்ல ஷீட் விட்டேன். ஒரு தடவ அமுக்கின ஷீட்ட மறுபடி விட்டா இன்னும் மெலியும். மறுபடி விட்டா இன்னும். போதும்னு என்னைக்காவது நின்னுச்சா? அதுவும் சூட்டுல? பிரேக்கு சூடாகாதா அங்க?"

 அவள் அப்போது எழுதவில்லை. இதைப் பிறகுதான் எழுதினாள்.

பம்ப் அடியில் வைத்த ரப்பர் பம்ப்பின் எடையைச் சுமந்தது. அவ்வளவுதான் அதன் வேலை. சக்கரத்தை இறுக்கிப் பிடித்து வைப்பது நட்டு. நட்டின் இறுக்கத்தை ரப்பர் மேல் போட்டால் அது நாளுக்கு நாள் பிதுங்கி வழிவிடும். நேற்று குழாய் மாட்டி இறுக்கினேனே, அது இன்னும் வேகமாகப் பிதுங்க வைத்திருக்கிறது. நான் சரி செய்யவில்லை. சத்தத்தின் வாயைப் பொத்தினேன்.

தப்பு என்னுடையது. ஆ லெக் தப்பு இல்லை, ஸ்டட் தப்பு இல்லை.

காபிக் கடைக்குப் போய் கிளினிக்குக்கு போன். நர்ஸ் எடுத்தாள். "டாக்டர் இல்ல பாட்டா. புதன்கெழம கோத்தா கோலா மூடாவுல பேஷண்ட் பாக்கப் போற நாள். இப்பதான் கெளம்பினாங்க."

வீட்டுக்கு ஓடி வந்து, "கந்தசாமி, மோட்டார் சைக்கிள் எடு" என்றேன்.


அதே நாள், மாலை

முதலில் இதை எழுது ஞானம்: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கந்தசாமியின் கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள், நாற்பது மைலுக்கு மேல் போகாது. பையில் ஸ்பானரும் ஜாக்கியும். ஜாக்கி என் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் வயல், தண்ணீர் வாய்க்கால். சிவப்பாக எதைப் பார்த்தாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரு கோக் போர்டு. ஒரு மலாய்க்காரர் வீட்டில் காயப் போட்ட கைலி. வாய்க்காலுக்குள் சாய்ந்த ஒரு தகர டப்பா. கந்தசாமி முதல் இரண்டு மைல் வேடிக்கை பேசினான். பிறகு அவனும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

ஆற்று முகத்தில் மீன் இறங்கும் இடத்தில் கார் நின்றது. நாலு சக்கரத்தோடு.

அங்கே மீன் ஏலம் எப்போதும் போலக் கிசுகிசுப்பில். வாங்குகிறவன் விற்கிறவன் காதில் தன் விலையை முணுமுணுப்பான், அடுத்தவனுக்குக் கேட்காது. ஐம்பது பேர் நிற்பார்கள், கடல் சத்தம்தான் கேட்கும். டாக்டர் ஒரு கூடை கெம்போங் மீனை வேடிக்கை பார்த்துவிட்டுக் கையில் சாவியோடு கார் பக்கம் நடந்தாள். எனக்கு மூச்சு இல்லை. இருந்த மூச்சில் கத்தினேன்:

"டாக்டரம்மா! காரத் தொடாத!"

ஐம்பது பேரும் திரும்பினார்கள். காதில் பேசிக்கொண்டிருந்த ஒருவன் வாய் அப்படியே காதோரம் நின்றுவிட்டது. ஏலம் நின்றது. "ஓராங் துவா நி கிலா கா?" என்றான் ஒரு மீன்காரன். இந்தக் கிழவனுக்குப் பைத்தியமா என்று. கந்தசாமி அவனிடம், "தாக் கிலா, தாக்குட்" என்றான். பைத்தியம் இல்லை, பயம்.

இடது முன் சக்கரம். ஸ்பானரை எடுத்தேன். எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு நட்டில் இரண்டு விரலிலேயே சுழன்றன. டாக்டர் குனிந்து பார்த்தாள். ஒன்றைத் தானே விரலால் சுற்றினாள். மறுபடி சுற்றினாள்.

"வர்ற வழில ஸ்டியரிங் லேசா ஆடுச்சு. ரோடு மோசம்னு நெனச்சேன்."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. என் தப்பு. ரப்பர் வெச்சிருக்கக் கூடாது."

அவள் சாவியைப் பைக்குள் போட்டாள். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மணலில் ஜாக்கி இறங்காமல் இருக்க ஒரு மீன்காரன் பலகை கொடுத்தான். கிலா என்று சொன்னவனேதான். சக்கரம், வளையம் கழற்றினேன். உள்ளே ஷீட், பாதி கனம் கூட இல்லை. ஓரமெல்லாம் நாக்கு மாதிரி பிதுங்கி, சூட்டில் பிசுபிசுத்துக் கிடந்தது. பிய்த்து எறிந்தேன். உலோகத்தின் மேல் உலோகம் வைத்து இறுக்கினேன். வலது பக்கமும் அதே.

கந்தசாமி மோட்டாரில் பின்னால் வர, நான் அவளோடு காரில். முப்பது மைலுக்கு மேல் போக வேண்டாம் என்றேன். முனை வந்தபோதெல்லாம் டிக் டிக். வழியில் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அங்கிள், போன வெள்ளிக்கெழம நான் எம்பதுல போனேன். பக்கத்துல கந்தசாமி அங்கிள்."

"தெரியும்மா."

வீட்டில் ஞானம் காபி கொடுத்தாள். டாக்டர் டைரியைக் கேட்டாள். கொடுக்காமல் என்ன செய்வது. நின்றுகொண்டே படித்தாள்.

"ஞாயிறு கால். செவ்வாய் அரை. இது காய்ச்சல் சார்ட்டு அங்கிள். ஏறிக்கிட்டே இருக்கு. என் நர்சா இருந்தா, இதப் பார்த்த பெறகும் அதே மாத்திரையவே ஏன் குடுத்தீங்கன்னு கேட்டிருப்பேன்."

"ஆன்ட்டி கேட்டுட்டாங்க" என்றேன்.

"வர்ற வெள்ளிக்கெழம பழைய சக்கரத்துலயே போறேன்."

"போ. தடுக்க மாட்டேன். கார மட்டும் நாளைக்கு ஒரு நாள் விட்டுட்டுப் போ."

விட்டுவிட்டுப் போனாள். கந்தசாமி வண்டியில் பின்னால் உட்கார்ந்து, கிளினிக் வரை. அவன் இருபது மைலில் ஓட்டினானாம். அவளைப் பழிவாங்க என்கிறான்.


19 ஜூலை, வியாழன்

விடியற்காலையில் மழை விட்டிருந்தது. பல்லைப் பிடுங்க வேண்டும், அடுத்த வாரம்.

ரப்பர் போனது, சரி. டிக் டிக் ஏன் வந்தது? அதைத்தான் நான் 11-ஆம் தேதியே கேட்டிருக்க வேண்டும்.

வளையத்தின் உள்முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மங்கலான அலுமினியம், அதில் ஒவ்வொரு ஸ்டட் துளை ஓரத்திலும் பளிச்சென்று ஒரு பிறை. நாலு துளைக்கு நாலு பிறை. இன்னொரு வளையத்திலும் அதே நாலு. ஹப்பில் ஸ்டட் வேரைக் கட்டை விரலால் தடவினேன். தையல் போட்ட விரல்தான், ஆனால் உணர்வு போகவில்லை. மேடு. முடி கனம்தான். புது ஸ்டட்டை இழுத்து ஏற்றியபோது ஹப் இரும்பு வேரோரம் பொங்கியிருக்கிறது. வளையம் ஹப் முகத்தில் உட்காரவே இல்லை. பக்கத்துக்கு நாலு மேட்டின் மேல் நொண்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதுதான் பேசியிருக்கிறது. என்னிடம்தான் பேசியிருக்கிறது. நான் அதன் வாயில் ரப்பரைத் திணித்தேன்.

செய்தது:
மேடு எட்டும் அரம் போட்டு மட்டம்.
துருவை எமரித் தாளால் எடுத்து ஹப் முகம் பளபளப்பு.
வளையத் துளைகளின் உள் ஓரம் சாய்வாகக் குடைவு. இனி ஸ்டட் வேர் பொங்கினாலும் தொடாது.
ஹப் முகத்தில் நீலம் பூசி வளையத்தை அழுத்திப் பார்த்தேன். முகம் முழுக்க நீலம் ஒட்டியது, ஒரு இடம் விடாமல்.
நட்டு இறுக்கிய பிறகு நட்டிலும் சக்கரத்திலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு. நட்டு அசைந்தால் கோடு உடையும்.

கந்தசாமி பார்த்துக்கொண்டே இருந்தான். நாளெல்லாம் ஒரு கிண்டல் இல்லை. கடைசியில், "மொதல்லயே இதச் செஞ்சிருந்தா எனக்கு எம்பது மைல்ல பயம் இருந்திருக்காது" என்றான். "இருந்திருக்கும்" என்றேன்.

நாலு மணிக்கு டாக்டர். பழைய சக்கரங்களை நர்ஸ் வீட்டுக்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவற்றைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இல்லை. அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

"மாத்தறதுக்கு முன்னாடி குருண் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டு. நான் பக்கத்துல உக்கார்றேன். எம்பதுல போ."

"நீங்களா?"

"வேற யாரு? கந்தசாமி ஏற மாட்டான்."

போனோம். எண்பது. அதற்கு மேலும் ஊசி நகர்ந்தது, நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள். மரங்கள் ஒரே பச்சைக் கோடாக ஓடின. குருணில் முனை முனையாகத் திருப்பினாள். சத்தமே இல்லை. இறங்கிக் கோட்டைப் பார்த்தோம். எட்டும் முழுசு. திரும்பி வந்து மறுபடி பார்த்தோம். முழுசு. ஸ்பானர் போட்டேன், ஒன்றுகூட இறுகவில்லை. அவளை ஹப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சூடு. "இந்தச் சூட்டுலதான் அந்த ஷீட் உருகிச்சு" என்றேன். தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் வேனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க என்ன சொல்றீங்க?"

ஞானம் கொட்டகை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே, "நடுவுல ரப்பர் இல்லல்ல? அப்ப இவரு வேல நிக்கும்" என்றாள்.

வேன் பழைய சக்கரங்களோடு திரும்பிப் போனது.


20 ஜூலை, வெள்ளி

வெயில். ஏழு மணிக்கே திடல் நிறையக் கூட்டம். பன்னிரண்டுக்குள் முடித்தாக வேண்டும், தொழுகை. எனக்கும் ஞானத்துக்கும் குடை நிழலில் நாற்காலி. கந்தசாமி யார் யாரிடமோ போய், சிவப்புக் காருக்கு வளையம் போட்டது என் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வண்டி சோதிக்கிற ஆபீசர் ஒருவர் முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். மேலும் கீழும், இடமும் வலமும். பிறகு என்னைக் கூப்பிட்டார். இங்கிலீஷில் கேட்டார், டாக்டர் சொன்னாள்: ஸ்டட்டில் எத்தனை புரி பிடித்திருக்கிறது என்று கேட்கிறார். "பதினொண்ணு" என்றேன். ஒரு நட்டைக் கழற்றி எண்ணினார். பதினொன்று. அதை மறுபடி இறுக்கிக் கோடு புதுசாகப் போட்டேன்.

ஓட்டுகிற பெண் இவள் ஒருத்திதான். பெயரை மைக்கில் சொன்னபோது பின்னால் யாரோ, "டாக்டர், பிளான் பிளான்" என்றான். மெதுவாக, மெதுவாக. ஞானம் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் நகர்ந்துவிட்டான்.

நேர் ஓட்டம் சரி. எனக்கு அங்கே பயம் இல்லை. நேராகப் போனால் எதுவும் நிற்கும். கூம்பில் மூன்றாவது வளைவு வலது பக்கம். அங்கே காரின் எடை முழுக்க இடது முன் சக்கரத்தின் மேல் விழும். விழுந்தது. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு விலகியது, டயர் அலறியது, கார் அந்த ஒற்றைக் கால் மேல் சாய்ந்தது. ஞானம் என் கையைப் பிடித்தாள், நகம் பதிய. சக்கரம் பிடித்துக்கொண்டது. டாக்டர் எதிர்ப்பக்கம் ஒடித்து நிமிர்த்தினாள். ஒரு கூம்பு மட்டும் பறந்தது.

கூம்புக்குத் தண்டனை நேரம். ஆறாவது இடம். இல்லாவிட்டால் நாலாவது. முதல் இடத்துக்காரன் வந்து கை கொடுத்தான். மெதுவாக என்று சொன்னவன் பதினான்காவது. கந்தசாமி விசாரித்துக்கொண்டு வந்து சொன்னான்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான் சக்கரத்தடியில். எட்டுக் கோடும் முழுசு. ஸ்பானர் போட்டேன். ஒன்றும் அசையவில்லை.

எழுந்து பார்த்தால் பக்கத்தில் குந்தியிருக்கிறாள். வியர்வையில் முடி ஒட்டி.

"பின்னால வழுக்குது அங்கிள். பின்பக்கமும் கொஞ்சம் அகலமா வெச்சா பிடிக்கும்னு நெனக்கிறேன். இன்னும் ரெண்டு வளையம் செஞ்சு தருவீங்களா?"

"நாளைக்குக் கொண்டு வா."


21 ஜூலை, சனி

காலையிலேயே மழை. வாளி இரண்டாகிவிட்டது.

பின் சக்கரம் இரண்டும் கழற்றியாச்சு. பின்னால் நாலு நூல் போதும், முன்னால் போட்ட ஐந்து அதிகம். மட்கார்டில் இடிக்கும். கந்தசாமி ஐந்து போடு என்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஹப் உதடு 54, முன்னால் மாதிரியே. முன்னால் மாதிரி என்று விட்டுவிடாமல் இரண்டு தடவை அளந்தேன்.

ஆ லெக்கிடம் வாங்கிய புது ஸ்டட் எட்டும் ஏற்றியாச்சு. முதலில் வேரைத் தடவிப் பார்த்தேன். மேடு இருக்கிறது, ஐந்தில் நன்றாகத் தெரிகிறது, மூன்றில் லேசாக. வளையம் கடைவதற்கு முன்பே இப்போதே ராவிவிட வேண்டும். ஞானம், எழுதுவதை விடு, அந்த அரை வட்ட அரத்தை எடு.